எச்.ஐ.வி கலத்தில் ஒட்டாமல் தடுக்கும் ஊசி வந்துவிட்டதாமே, தம்பி மாத்திரையை நிறுத்தலாமா?

தேயிலைத்தூறல் (ஹட்டன் பக்கம்) | ஞாயிறு இரவு 8.10

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பிக்கு எச்.ஐ.வி இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்குப் போய்த் திரும்பிய பிறகு தெரியவந்தது. அரசாங்க கிளினிக்கில் இலவசமாகக் கொடுக்கும் மாத்திரையைத் தினமும் ஒன்றாகப் போட்டு வருகிறான். கடைசிச் சோதனையில், குருதியில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிட்டது என்று சொன்னார்கள். உடம்பும் நன்றாகத் தேறிவிட்டது. வேலைக்குப் போகிறான்.

போன வாரம் சென்னையிலுள்ள உறவினர் ஒருவர் கைபேசியில் ஒரு செய்தி அனுப்பினார். எச்.ஐ.வி நம் வெண்குருதிக் கலத்தில் ஒட்டுவதையே தடுக்கும் பிறபொருளெதிரி (கிருமியை மறிக்க உடம்பு செய்யும் புரதம், அன்டிபாடி) ஊசி வந்துவிட்டது, இனி மாத்திரை வேண்டாம் என்று அதில் இருக்கிறது. அதைப் படித்ததிலிருந்து தம்பி வேறு நினைப்பில் இல்லை. வீட்டில் அவனுக்குப் பெண் பார்க்கிறார்கள். "மாத்திரையை விட்டுவிட்டு அந்த ஊசிக்குக் காசு சேர்க்கிறேன் அக்கா" என்கிறான். போத்தலை ஒளித்து வைத்தே அவன் களைத்துப் போனான். எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடு) ஒரு காம்பிராவில் இருமினால் அடுத்த காம்பிராவில் கேட்கும். அங்கே ஒரு மருந்துப் போத்தலை எத்தனை நாளைக்கு மறைக்க முடியும்?

இந்த ஊசி உண்மையா? உண்மை என்றால் அவனுக்குப் பொருந்துமா? விஷயம் தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதுங்கள்.

---

மலைநாட்டு மருத்துவர் | ஞாயிறு இரவு 8.42

தங்கச்சி, மற்றதெல்லாம் பிறகு. தம்பி இன்றிரவும் மாத்திரையைப் போட வேண்டும். நாளைக்கும் போட வேண்டும். இதை முதலில் அவரிடம் சொல்லிவிட்டு மிச்சத்தைப் படியுங்கள்.

குருதியில் கண்டறிய முடியவில்லை என்பதற்கு வைரஸ் போய்விட்டது என்று பொருளில்லை. சில வெண்குருதிக் கலங்களின் மரபணுவுக்குள்ளேயே அது தன்னைச் செருகிக்கொண்டு பேசாமல் கிடக்கிறது. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலேயே மறுபடி பெருகிவிடும். விட்டுவிட்டு மருந்து எடுத்தால் என்ன ஆகும் என்று உலகம் ஏற்கனவே பார்த்தும் விட்டது. 33 நாடுகளில் 5,472 பேரை வைத்து நடந்த 'ஸ்மார்ட்' ஆய்வில், இடையில் நிறுத்தியவர்களிடையே நோயும் மரணமும் கூடியதால் அந்த ஆய்வையே 2006-இல் இடைநிறுத்தினார்கள்.

ஊசி பொய்யல்ல. ஆனால் உறவினர் அனுப்பிய செய்தி அதன் பாதியைத்தான் சொல்கிறது.

---

உயிரியல் சேர், கொட்டகலை | ஞாயிறு இரவு 10.05

டொக்டர் சொன்னதற்குப் பின்னாலுள்ள உயிரியலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இது தெரிந்தால் இனி வரும் ஒவ்வொரு செய்தியையும் தம்பி தானே எடை போட்டுக்கொள்வார்.

எச்.ஐ.வியின் வெளியுறையில் முளைபோல நீட்டிக்கொண்டிருக்கும் புரதத்தின் தலைப்பகுதி ஜி.பி.120. நம் நிர்ப்பீடனத் தொகுதியின் (நோயை எதிர்க்கும் அமைப்பின்) உதவி ரி நிணநீர்க் கலங்கள் என்ற வெண்குருதிக் கலங்களின் மேற்பரப்பில், மற்றவை வந்து பிடிக்கும் சி.டி.4 என்ற வாங்கிப் புரதம் இருக்கிறது. ஜி.பி.120 முதலில் பிடிப்பது இந்த சி.டி.4-ஐ. 1984-இலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் அந்தப் பிடி மட்டும் போதாது. பிடித்ததும் ஜி.பி.120 உருமாறி, இரண்டாவது வாங்கியான சி.சி.ஆர்.5-ஐயோ சி.எக்ஸ்.சி.ஆர்.4-ஐயோ தேடிப் பற்றுகிறது. 1996-இல் தெளிவான விஷயம் இது. அதன் பிறகுதான் ஜி.பி.41 என்ற அடிப்பகுதி கலத்தின் மென்சவ்வில் குத்தி, வைரஸின் உறையையும் மென்சவ்வையும் ஒன்றாக இணைக்கிறது. உள்ளடக்கம் கலத்துக்குள் இறங்குகிறது. ஆகவே ஒட்டுதல் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் மூன்று கட்டம். எந்தக் கட்டத்திலும் மறிக்கலாம்.

பிறபொருளெதிரியால் மறிக்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, வைரஸின் ஜி.பி.120-ஐ மூடிவிடுவது. மற்றது, நம் கலத்தின் வாங்கியில் போய் உட்கார்ந்துகொள்வது.

இரண்டாவது வழியில் வந்த மருந்து இபாலிசுமாப். அமெரிக்காவில் 2018 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. இது சி.டி.4-இல் ஒட்டுகிறது. ஆனால் ஜி.பி.120 வந்து பிடிக்கும் இடம் சி.டி.4-இன் முதலாம் பகுதி. இபாலிசுமாப் உட்காருவது இரண்டாம் பகுதியில். எனவே வைரஸ் வருகிறது, சி.டி.4-ஐப் பிடிக்கவும் செய்கிறது. அதற்குமேல் உருமாறி இரண்டாவது வாங்கியை எட்ட முடியாமல் அங்கேயே நின்றுவிடுகிறது. வாசற்படியில் கால் வைத்துவிட்டவனை உள்வீட்டுக்கு விடாமல் திண்ணையிலேயே மறித்து நிறுத்துவது மாதிரி. செய்திகளில் ஒட்டாமல் தடுக்கும் என்று எழுதுவது இந்த நுட்பத்தை விட்டுவிடுகிறது. எனக்கு இந்த மருந்தில் மிகப் பிடித்ததே இந்த நுட்பம்தான்.

---

பதுளை ஆய்வுகூடம் | ஞாயிறு இரவு 10.31

நான் குருதிச் சோதனை செய்பவன். எங்களிடம் வருபவர்கள் அடிக்கடி கேட்கும் ஒன்று இங்கேயும் எழும் என்பதால் முந்திக்கொண்டு சொல்கிறேன். எச்.ஐ.வி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையே பெரும்பாலும் பிறபொருளெதிரியைத்தான் தேடுகிறது. அப்படியானால் அந்த ஆளின் உடம்பிலேயே அது உண்டாகிவிட்டதே, பிறகு ஏன் நோய் நிற்கவில்லை?

உடம்பு அதை உண்டாக்குகிறது, உண்மைதான். ஆனால் பெரும்பகுதி வைரஸின் பிரயோசனமில்லாத இடங்களில் போய் ஒட்டுகிறது. மறிப்பதில்லை. எங்களுக்குத் தடயமாக உதவுகிறது, நோயாளிக்குக் கவசமாக உதவவில்லை.

---

உயிரியல் சேர், கொட்டகலை | ஞாயிறு இரவு 10.50

அருமையாகச் சொன்னீர்கள். காரணத்தையும் சேர்த்துவிடுகிறேன். ஜி.பி.120-இன் நிறையில் ஏறத்தாழப் பாதி சர்க்கரை. அந்தச் சர்க்கரையெல்லாம் நம் கலமே பூசிவிட்டது என்பதால் நிர்ப்பீடனத் தொகுதி அதை அந்நியமாகப் பார்ப்பதில்லை. சர்க்கரை மூடாத இடங்களோ ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கின்றன. வைரஸ் தன் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ-யைப் பிரதி எடுக்கும்போது நிறையப் பிழை விடுகிறது, அந்தப் பிழைகளே அதற்கு வேஷமாகிவிடுகின்றன. உடம்பு ஒரு பிறபொருளெதிரியைச் செய்து முடிப்பதற்குள் வைரஸ் வேறு முகத்தோடு நிற்கிறது.

மாற்ற முடியாத இடம் ஒன்று உண்டு. சி.டி.4-ஐப் பிடிக்கும் குழி. அது மாறினால் வைரஸுக்குக் கலத்தைப் பிடிக்கவே வராது. நோய்த்தொற்றோடு பல வருடம் வாழ்ந்த சிலரின் உடம்பு மட்டும் அந்தக் குழிக்குள் பொருந்தும் பிறபொருளெதிரியைச் செய்துவிடுகிறது. அப்படி ஒருவரின் குருதியிலிருந்து பிரித்தெடுத்து 2010-இல் அறிவித்ததுதான் வி.ஆர்.சி.01. ஆய்வுகூடத்தில் உலகெங்குமிருந்து வந்த வைரஸ் வகைகளில் 10-இல் 9-ஐ அது மறித்தது. நான் அப்போது படிப்பித்துக்கொண்டிருந்த உயர்தர வகுப்பில் இதைச் சொன்னபோது பிள்ளைகளின் முகத்தில் இருந்த மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது.

---

உயர்தர மாணவி, தலவாக்கலை | திங்கள் மாலை 4.15

சேர், ஒரு சந்தேகம். சி.டி.4 நமக்கு வேண்டிய புரதம்தானே? அதில் ஒரு மருந்து உட்கார்ந்துகொண்டால் அந்தக் கலம் தன் வேலையை எப்படிச் செய்யும்? வைரஸ் செய்யும் கெடுதலை மருந்தே செய்துவிடாதா?

---

உயிரியல் சேர், கொட்டகலை | திங்கள் மாலை 6.20

மகள், மிக நல்ல கேள்வி. மருந்தை வடிவமைத்தவர்களின் முதல் கவலையும் அதுதான். சி.டி.4 தன் இயல்பான வேலையை, அதாவது மற்றக் கலங்கள் காட்டும் பிறபொருளெதிரியாக்கித் துண்டை (கிருமி போன்ற அந்நியப் பொருளின் துண்டை) அடையாளம் காணத் துணைபோவதை, முக்கியமாக முதலாம் பகுதியால் செய்கிறது. இபாலிசுமாப் இரண்டாம் பகுதியில், அதுவும் அந்த வேலைக்குக் குறுக்கே நிற்காத பக்கத்தில் ஒட்டுகிறது. கலத்தை அது அழிப்பதும் இல்லை. அழிக்கும் கலங்களைப் பெரிதாகக் கூவி அழைக்காத ஐ.ஜி.ஜி.4 என்ற பிறபொருளெதிரி வகையைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான்.

இதற்கு முன்னால், 1980-களின் கடைசியில், சி.டி.4-ஐத் தனியாகச் செய்து குருதியில் மிதக்கவிட்டு வைரஸை ஏமாற்றிப் பார்த்தார்கள். ஆய்வுகூடத்தில் வளர்த்த வைரஸ் ஏமாந்தது. நோயாளிகளிடமிருந்து நேரே எடுத்த வைரஸ் ஏமாறவில்லை. ஆய்வுகூடக் குழாயில் வெற்றி என்று செய்தி வந்தால் இதை நினைத்துக்கொள்.

---

மலைநாட்டு மருத்துவர் | திங்கள் இரவு 9.00

இனித் தங்கச்சியின் கேள்விக்கு நேராக வருகிறேன்.

இபாலிசுமாப் யாருக்கு? பல வகை மருந்துகளை எடுத்தும் வைரஸ் எல்லாவற்றுக்கும் எதிர்ப்புப் பெற்றுவிட்டது, வேறு வழி மிகக் குறைவு என்ற நிலையில் உள்ளவர்களுக்கு. அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில் 40 பேர்தான். முதல் ஊசிக்குப் பிறகு ஒரு வாரத்தில் 83 வீதமானோருக்கு வைரஸ் அளவு குறிப்பிடத்தக்க அளவு இறங்கியது. 25-ஆம் வாரத்தில் 43 வீதமானோருக்கு வைரஸ் அளவு மில்லிலீற்றர் குருதிக்கு 50 பிரதிகளுக்குக் கீழே வந்தது. எல்லா வழியும் அடைபட்ட நோயாளிகளில் இது பெரிய வெற்றி. ஆனால் கவனியுங்கள், அவர்கள் யாரும் மாத்திரையை விடவில்லை. ஊசியோடு மற்ற மருந்துகளும் கட்டாயம். முதல் தடவை 2,000 மில்லிகிராம், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 800 மில்லிகிராம், நாளத்தில் ஏற்ற வேண்டும். அமெரிக்க விலை வருடத்துக்கு ஒரு இலட்சம் டொலருக்கு மேல்.

உங்கள் தம்பிக்கு ஒரே மாத்திரை வேலை செய்கிறது. அதைவிட நல்ல நிலை இந்த நோயில் இன்றைக்கு இல்லை. சும்மா நிறுத்தித் தொடங்கி, மருந்தை எதிர்க்கும் சக்தியை வைரஸுக்குக் கற்றுக்கொடுத்தால் மட்டுமே அவருக்கு இந்த ஊசி தேவைப்படும் நாள் வரும்.

மாத்திரையை நிறுத்திவிட்டுப் பிறபொருளெதிரி மட்டும் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளும் உண்டு. உறவினரின் செய்தி அநேகமாக அங்கிருந்துதான் வந்திருக்கும். அதில் சேர்ந்தவர்களை முன்கூட்டியே வடிகட்டி எடுத்து, அடிக்கடி குருதி பார்த்து, வைரஸ் தலைகாட்டினால் மறுபடி மாத்திரை கொடுத்தார்கள். லயத்து வீட்டில் தனியாகச் செய்து பார்க்கக்கூடியது அல்ல.

---

மாத்தளைக்காரன் | திங்கள் இரவு 9.48

டொக்டர், உங்கள் அறிவுரை சரி. தம்பி மாத்திரையை விடக் கூடாது. ஆனால் விலையைச் சொல்லி நீங்கள் கதவைச் சாத்துவதை நான் ஏற்கவில்லை. 2000-ஆம் ஆண்டில் எச்.ஐ.வி மாத்திரைக்கும் வருடத்துக்கு 10,000 டொலருக்கு மேல் ஆனது. ஏழை நாடுகளுக்கு இது சரிவராது என்று அப்போதும் படித்தவர்கள்தான் சொன்னார்கள். 2001-இல் இந்தியாவின் சிப்லா நிறுவனம் வருடத்துக்கு 350 டொலருக்குத் தருவதாக அறிவித்தது. 2004-இலிருந்து நம் நாட்டு அரசாங்கமே இலவசமாகக் கொடுக்கிறது. அன்றைக்கு எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்று இந்தத் தம்பி உயிரோடு இருப்பாரா?

எதுவுமே மலையகத்துக்குக் கடைசியில்தான் வருகிறது. பாதையும் அப்படித்தான், பாடசாலையும் அப்படித்தான். கொழும்பில் வாழ்கிறவர் மாத்திரையைத் தன் அறை அலுமாரியில் பூட்டி வைப்பார். ஒரே காம்பிராவில் ஆறு பேர் படுக்கும் இடத்தில் வாழ்கிறவருக்குத்தான் மாதக்கணக்கில் தாங்கும் ஊசி வேண்டும். அதை நாம் இப்போதே கேட்கத் தொடங்க வேண்டும்.

---

மலைநாட்டு மருத்துவர் | திங்கள் இரவு 10.20

தாங்கும் ஊசி வேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன். பிறபொருளெதிரிதான் அந்த ஊசி என்பதில் இல்லை. மாத்திரையை இரசாயனத் தொழிற்சாலையில் கோடிக்கணக்கில் அடிக்கலாம். பிறபொருளெதிரியை உயிருள்ள கலங்களில் வளர்த்துப் பிரித்தெடுத்துச் சுத்திகரிக்க வேண்டும். 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரிலேயே கொண்டுவர வேண்டும். விலை 2001 மாதிரி அவ்வளவு சுலபமாக விழாது.

வி.ஆர்.சி.01-க்கு என்ன நடந்தது என்பதையும் சேர் சொல்லி முடிக்க வேண்டும்.

---

உயிரியல் சேர், கொட்டகலை | செவ்வாய் காலை 5.55

சொல்கிறேன். தொற்று இல்லாத 4,600-க்கும் மேற்பட்டோரை வைத்து அமெரிக்கக் கண்டங்களிலும் ஆபிரிக்காவிலும் 'ஏ.எம்.பி' என்ற இரட்டை ஆய்வு நடந்தது. எட்டு வாரத்துக்கு ஒரு முறை வி.ஆர்.சி.01 ஏற்றினார்கள். 2021-இல் முடிவு வந்தது. மொத்தமாகப் பார்த்தால் தொற்றைக் குறிப்பிடத்தக்க அளவு தடுக்கவில்லை. ஆனால் அந்தப் பிறபொருளெதிரிக்கு எளிதில் அடங்கும் வைரஸ் வகைகளை மட்டும் பிரித்துப் பார்த்தபோது 75 வீதம் தடுத்திருந்தது. அந்தப் பகுதிகளில் சுற்றித் திரிந்த வகைகளில் அப்படி அடங்குபவை சுமார் 30 வீதம்தான்.

இதை நான் தோல்வியாகப் பார்க்கவில்லை. குழியை மூடினால் மனித உடம்பில் தொற்றைத் தடுக்க முடியும் என்பதற்கு முதல் நேரடிச் சான்று அதுதான். ஒன்று போதாது, வெவ்வேறு இடத்தைப் பிடிக்கும் இரண்டு மூன்றைச் சேர்த்துத் தர வேண்டும், அதுவும் குருதியில் அதிக நாள் தங்கும்படி மாற்றித் தர வேண்டும் என்பதையும் அதுவே காட்டியது. இப்போது நடக்கும் வேலை அந்தத் திசையில்தான் போகிறது. டெரோபாவிமாப், சின்லிர்விமாப் என்ற இரண்டு பிறபொருளெதிரிகளையும் லெனாகபாவிர் என்ற மருந்தோடு சேர்த்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை கொடுத்துப் பரிசோதித்து வருகிறார்கள்.

---

மாத்தளைக்காரன் | செவ்வாய் மதியம் 12.40

லெனாகபாவிர் என்றதும் சொல்ல வேண்டியிருக்கிறது. வருடத்துக்கு இரண்டே ஊசி. 2024-இல் வந்த ஆபிரிக்க ஆய்வில் அதை எடுத்த 2,134 பெண்களில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை. பிரதி மருந்தை 2027 முதல் வருடத்துக்கு 40 டொலருக்குத் தருவதாக இந்திய நிறுவனங்கள் அறிவித்திருக்கின்றன. விலை விழும் என்று நான் சொன்னதற்கு இதைவிட என்ன வேண்டும்?

---

மலைநாட்டு மருத்துவர் | செவ்வாய் மாலை 7.05

அது பிறபொருளெதிரி அல்ல. வைரஸின் உள்ளோட்டைத் தாக்கும் இரசாயன மருந்து, ஆகவேதான் விலை விழுகிறது. நீங்கள் சொல்லும் ஆய்வும் தொற்று இல்லாதவர்களைக் காப்பதற்கானது. தங்கச்சியின் தம்பி அந்த ஊசியைத் தனியாகப் போட்டுக்கொண்டு மாத்திரையை விட்டால் வைரஸ் அதற்கும் எதிர்ப்புப் பெற்றுவிடும்.

தம்பியின் நிலையில் உள்ளவர்களுக்குத் தாங்கும் ஊசி வேறு. கபோடெக்ராவிரும் ரில்பிவிரினும் சேர்ந்தது, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. வைரஸ் நன்றாக அடங்கியிருப்பவர்கள் மாத்திரைக்குப் பதிலாக இதற்கு மாறலாம் என்று உலக சுகாதார அமைப்பு 2025-இல் பரிந்துரைத்தது. மாத்தளைக்காரன் ஐயா, மலையகத்துக்குக் கேட்பதென்றால் இதைக் கேளுங்கள். நானும் கையெழுத்திடுகிறேன்.

---

மலைக்கிராமத் தாதி (ஓய்வு பெற்றவர்) | செவ்வாய் இரவு 8.30

இரண்டு பேரும் பெரிய விஷயம் பேசுகிறீர்கள், பேச வேண்டியதுதான். அந்த ஊசி வரும்வரை போத்தலை எங்கே வைப்பது என்பதைப் பற்றி நான் எழுதுகிறேன்.

தங்கச்சி, மாத்திரையை அதன் சொந்தப் போத்தலிலேயே வைக்கச் சொல்லுங்கள். காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைக்கும் பழக்கம் வேண்டாம். நம் பக்கத்து மூடுபனியில் எல்லாமே ஈரம் குடிக்கும். உள்ளே கிடக்கும் சிறு உறிஞ்சிப் பையை எறியக் கூடாது. போத்தலின் வெளியே மருந்தின் பெயர் தெரிகிறது என்ற பயம் இருந்தால் கிளினிக் தாதியிடம் சொல்லட்டும், நாங்கள் இப்படி எத்தனையோ பேருக்கு வழி சொல்லியிருக்கிறோம். டோலுடெக்ராவிர் உள்ள மாத்திரை என்றால் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் என்று பார்க்கத் தேவையில்லை. ஆகவே வீட்டில் எல்லோரும் வேலைக்குப் புறப்பட்ட பிறகோ, வேலையிடத்திலோ, தினமும் ஒரே நேரத்தில் போடலாம். வயிற்றெரிவு மருந்து, இரும்புச்சத்து மாத்திரை எதையாவது கூடவே எடுப்பதாக இருந்தால் மட்டும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மழைக்காலத்தில் மண்சரிந்து பாதை மூடும் என்பதை நினைத்து, அடுத்த திகதிக்கு மேலும் சில நாளைக்குப் போதுமான அளவு தரச் சொல்லிக் கேளுங்கள். பக்கத்து ஊர் ஆட்கள் பார்த்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் வேறு மாவட்டத்தின் கிளினிக்குக்கு மாறலாமா என்றும் கேட்கலாம்.

அந்தப் பிள்ளை ஊசியைத் தேடுவது நோய்க்குப் பயந்து அல்ல என்று நினைக்கிறேன். கலியாணத்துக்குப் பயந்து. அதைப் பற்றி யாரும் அவரிடம் பேசவில்லை போலிருக்கிறது.

---

தேயிலைத்தூறல் | செவ்வாய் இரவு 9.15

நர்ஸ் அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்து அழுதுவிட்டேன். "ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுக்க மாட்டேன்" என்று ஒரு நாள் சொன்னான். அதற்கு மேல் பேச எனக்குத் தெரியவில்லை. அவனுக்குக் கலியாணம் நடக்குமா? பிள்ளை பிறந்தால் நோய் வருமா?

---

மலைநாட்டு மருத்துவர் | செவ்வாய் இரவு 9.50

நடக்கலாம். மாத்திரையை ஒழுங்காக எடுத்து, வைரஸ் கண்டறிய முடியாத அளவிலேயே தொடர்ந்து இருப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் துணைக்குத் தொற்று போவதில்லை. இது ஆறுதலுக்காகச் சொல்வது அல்ல. ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள நூற்றுக்கணக்கான தம்பதிகளைப் பல வருடம் பின்தொடர்ந்த ஐரோப்பிய 'பார்ட்னர்' ஆய்வுகளில், அப்படி அடங்கியிருந்த துணையிடமிருந்து பரவிய தொற்று பூச்சியம். மனைவிக்குத் தொற்றவில்லை என்றால் பிள்ளைக்கும் வராது. தாய்க்கே தொற்று இருந்தாலும் பிள்ளையைக் காக்க நம் நாட்டில் வழி இருக்கிறது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி பரவுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார அமைப்பு 2019-இல் இலங்கைக்குச் சான்று கொடுத்தது.

அந்தப் பெண்ணிடம் மறைக்கக் கூடாது. கலியாணத்துக்கு முன்பே சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று கிளினிக்கில் இருவரையும் உட்கார வைத்துப் பேசுவார்கள். இத்தனையும் இலவச மாத்திரை ஒன்றால் கிடைப்பது. அவர் விடப்போகிறேன் என்று சொல்வது இதைத்தான்.

---

உயர்தர மாணவி, தலவாக்கலை | புதன் மாலை 4.40

அக்கா, தம்பி அண்ணாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நான் மருத்துவ பீடத்துக்குப் போனால் இதைத்தான் படிக்கப் போகிறேன்.

---

தேயிலைத்தூறல் | புதன் இரவு 8.25

இழை முழுவதையும் அவனுக்கு வாசித்துக் காட்டினேன். சேர் எழுதியதை மட்டும் இரண்டு தடவை கேட்டான். பார்ட்னர் ஆய்வைப் பற்றிய பகுதியைத் தன் கைபேசியில் எடுத்துக்கொண்டான். நேற்றும் இன்றும் மாத்திரை போட்டான், நானே பார்த்தேன்.

அடுத்த வாரம் கிளினிக் திகதி. இரண்டு மாத ஊசியைப் பற்றிக் கேட்கப் போகிறான். கூடுதல் நாளுக்கு மாத்திரை தரும்படியும் கேட்பான். வேறு எதையாவது எழுதிக்கொண்டு போக வேண்டுமா?

---

மலைநாட்டு மருத்துவர் | புதன் இரவு 8.50

ஹெபடைடிஸ் பி (ஈரலைத் தாக்கும் வைரஸ்) சோதனை முடிவு என்ன என்று கட்டாயம் கேட்கச் சொல்லுங்கள். இப்போதைய மாத்திரையில் டெனோஃபோவிரும் லமிவுடினும் இருந்தால் அவை அந்த வைரஸையும் சேர்த்து அடக்குகின்றன, இரண்டு மாத ஊசி அடக்காது. அது இருந்தால் இந்த ஊசிக்கு மாற முடியாது. மாத்திரையைத் திடீரென நிறுத்தினாலும் ஈரல் பாதிக்கப்படலாம். கடைசி வைரஸ் அளவுச் சோதனையின் திகதியையும் எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.